கதிர் என்ற சொல்லுக்கு இரு பொருள்
(பாறசாலையில் தமிழ்த் தோழர்களுக்காக நடைபெற்ற கட்சி வகுப்பில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



நெல்லே அருகிவிட்ட ஊரில் நெல் விதையைப் பற்றி எதற்கு வகுப்பு என்று மூத்த தோழர் ஒருவர் கேட்டார். கேள்வியில் நியாயம் உண்டு. காரோடு, செங்கல், குளத்தூர் என எந்தப் பஞ்சாயத்துக்குச் சென்றாலும் ஏலா என்ற பெயர் மட்டும் நிலைத்திருக்கிறது. ஏலாவிலோ வாழையும் மரச்சீனியும் நிற்கின்றன. 1970களின் நடுவில் கேரளத்தில் ஏறத்தாழ 8.8 லட்சம் ஹெக்டேரில் நெல் விளைந்தது. இன்று அது 2 லட்சம் ஹெக்டேர் அளவுக்குச் சுருங்கிவிட்டது. அதிலும் பெரும்பகுதி பாலக்காட்டிலும் குட்டநாட்டிலும்தான். ஆனால் சோறு உண்பதை நாம் நிறுத்திவிடவில்லை. எவர் வயலிலோ எந்த விதையிலோ விளைந்த அரிசியை நாள்தோறும் வாங்குகிறோம். விதை எவர் கையில் இருக்கிறது என்ற கேள்வி, வயல் உள்ளவனுக்கு மட்டும் உரிய கேள்வி அன்று.

இந்தப் பொருளை இப்போது எடுத்துக்கொள்ள உடனடிக் காரணம் ஒன்றும் இருக்கிறது. 2025 மே மாதம் ஒன்றிய வேளாண் அமைச்சர், மரபணுத் திருத்தம் செய்யப்பட்ட இரண்டு நெல் ரகங்களை அறிவித்தார். அதன்பின் கைபேசிகளில் பலவகைச் செய்திகள் சுற்றி வருகின்றன. மரபணு மாற்றுப் பயிர், மரபணுத் திருத்தப் பயிர், அணுக்கதிர் பாய்ச்சி உருவாக்கிய பயிர் ஆகிய மூன்றும் ஒன்றே என்று அவற்றுள் பல சொல்கின்றன. நம் தோழர்களில் சிலரும் அவ்வாறே பேசுவதைக் கேட்டேன். இம்மூன்றும் வெவ்வேறு. எதை எதிர்க்கிறோம் என்று தெரியாமல் எதிர்ப்பவனை எதிரி எளிதில் மடக்கிவிடுவான்.

முதலில் சொல்லைப் பற்றி. மொழிபெயர்ப்பாளன் என்பதால் இதைத் தாண்டிச் செல்ல மனம் வரவில்லை. உயிரின் மரபுப் பொருளில் திடுமென நேர்ந்து, சந்ததிக்கும் கடத்தப்படும் மாற்றத்தைத் தமிழ்ப் பாடநூல்கள் 'சடுதி மாற்றம்' என்கின்றன. 'திடீர் மாற்றம்' என்போரும் உண்டு. மலையாளத்தில் 'உல்பரிவர்த்தனம்'. நம் பேச்சாளர்கள் சிலர் 'திடீர்' என்ற சொல்லைக் கண்டதும் அளவு பண்பாக மாறும் இயக்கவியல் விதி இதோ என்று கைதட்டல் வாங்கிவிடுகிறார்கள். இயக்கவியலை அப்படி ஒட்டு அலங்காரமாகப் பயன்படுத்துவது அறிவியலுக்கும் நன்மை செய்யாது, மார்க்சியத்துக்கும் நன்மை செய்யாது. இதனால் விளைந்த பெருந்துயரத்துக்குப் பின்னர் வருகிறேன். தமிழில் இன்னொரு சொல் இருக்கிறது: கதிர். நெல்லின் கதிரும் அதுவே, ஒளியின் கதிரும் அதுவே. இன்றைய பேச்சு அவ்விரு கதிர்களும் சந்தித்த இடத்தைப் பற்றியது.

நெல்லுக்கு 12 இணைக் குரோமோசோம்கள் உள்ளன. ஒவ்வொரு தலைமுறையிலும் அவை படியெடுக்கப்படும்போது எங்கோ ஓர் எழுத்து பிழைபடுகிறது. எழுத்துப் பிழைகளில் பெரும்பாலானவை பயனற்றவை அல்லது கேடானவை. எப்போதோ ஒன்று, குட்டையான தாளையோ முன்னதாகப் பூக்கும் தன்மையையோ தருகிறது. காட்டுப்புல்லாக இருந்ததை நெல்லாக்கிய உழவர்கள், அதிலும் விதை பொறுக்கிய பெண்கள், இத்தகைய பிழைகளில் நல்லவற்றைக் கண்டெடுத்தவர்களே. பழுத்ததும் மணி உதிர்ந்துபோகாத நெல், இயற்கையில் நேர்ந்த சடுதி மாற்றத்தை மனிதக் கை தேர்ந்தெடுத்ததன் விளைவு. இயற்கை அரிதாகச் செய்வதை அடிக்கடி நிகழச் செய்ய முடியுமா என்பதே 20ஆம் நூற்றாண்டு எழுப்பிய கேள்வி.

1927இல் அமெரிக்காவில் ஹெர்மன் முல்லர், பழ ஈக்களின் மீது எக்ஸ் கதிர் பாய்ச்சி மரபு மாற்றங்களைப் பெருமளவில் உண்டாக்கிக் காட்டினார். மறு ஆண்டில் லூயிஸ் ஸ்டாட்லர் பார்லியிலும் மக்காச்சோளத்திலும் அதையே காட்டினார். வேடிக்கை என்னவெனில், பயிர் மேம்பாட்டுக்கு இது பெரிதாகப் பயன்படும் என்று ஸ்டாட்லரே நம்பவில்லை.

செயல்முறை இதுதான். உலர்ந்த நெல் விதைகளை ஓர் உறையில் இட்டு, கோபால்ட்-60 உமிழும் காமாக் கதிர்களுக்கு முன் வைக்கிறார்கள். நெல்லுக்குப் பெரும்பாலும் 200 முதல் 300 கிரே வரை. அளவு மிகுந்தால் எல்லாம் மடியும். குறைந்தால் ஒன்றும் நிகழாது. பிழைத்து முளைப்பவை முதல் தலைமுறை. அவற்றில் பல நலிந்திருக்கும், பல பதராகக் கதிர் ஈனும். புதுப் பண்பு பொதுவாக இந்தத் தலைமுறையில் தலை காட்டாது. ஏனெனில் இரட்டைப் படிகளில் ஒன்றில் மட்டுமே மாற்றம் நேர்ந்திருக்கும், மற்றொன்று அதை மறைத்துவிடும். ஒவ்வொரு செடியின் விதையையும் தனித்தனியே எடுத்து விதைத்தால், இரண்டாம் தலைமுறையில் மறைந்திருந்தவை வெளிப்படும். அப்போது ஆயிரக்கணக்கான செடிகளுக்கு நடுவே நடந்து, குட்டையான ஒன்றை, பத்து நாள் முந்திய ஒன்றைக் கண்டுபிடிக்க வேண்டும். கதிரியக்கம் நொடிகளிலோ நிமிடங்களிலோ முடிந்துவிடும். எஞ்சியது முழுவதும் சேற்றில் நடக்கும் உழைப்பு. அதன்பின் பண்பு நிலைபெறுவதற்கும் பல இடங்களில் சோதிப்பதற்கும் ஏறத்தாழப் பத்தாண்டு ஆகும். நாற்று நடுவதும் களை பறிப்பதும் அங்கும் கூலிப் பெண்களே. ரகம் வெளியாகும்போது அவர்கள் பெயர் எந்தப் பட்டியலிலும் இடம்பெறுவதில்லை.

இப்படிப் பெற்ற அரிசியில் கதிரியக்கம் இருக்குமா? இராது. மார்பை எக்ஸ் கதிர்ப் படம் எடுத்துக்கொண்டவர் வீடு திரும்பியபின் கதிர் உமிழ்வதில்லை. காமாக் கதிர் விதையை ஊடுருவிச் செல்கிறது, அங்கே தங்குவதில்லை. மேலும் நாம் உண்பது கதிர்பட்ட விதையை அன்று. பத்துத் தலைமுறைக்குப் பிந்திய அதன் வழித்தோன்றலை. இந்த அச்சம் நம் பகுதியில் ஏன் ஆழமாக இருக்கிறது என்பது எனக்குப் புரிகிறது. நம் கடற்கரை மணலில் தோரியம் கலந்த மோனசைட் இருக்கிறது. மணவாளக்குறிச்சியில் அதைப் பிரித்தெடுக்கும் ஆலை இருக்கிறது. கூடங்குளம் போராட்டம் நம் நினைவில் இருக்கிறது. கிள்ளியூர் வட்டாரத்தில் மணல் அகழ்வுத் திட்டத்துக்கு எதிராக மக்கள் திரண்டது அண்மைச் செய்தி. மணல் அகழும் நிறுவனமும், நெல்லுக்குக் கதிர் பாய்ச்சும் பாபா அணு ஆய்வு மையமும் ஒரே அணுசக்தித் துறையின் கீழ் இயங்குகின்றன என்பதும் உண்மையே. துறை ஒன்று என்பதற்காகத் தீர்ப்பும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. மக்களிடம் கேட்காமல் கடற்கரையைத் தோண்டுவதை எதிர்ப்போம். விதை ஆய்வை அதன் தகுதியில் வைத்துப் பார்ப்போம்.

இனி, முன்பு சொன்ன துயரத்துக்கு வருகிறேன். முல்லர் சோசலிச நாட்டம் கொண்டவர். 1933இல் நிகோலாய் வவிலோவின் அழைப்பை ஏற்று சோவியத் நாட்டுக்குச் சென்று பணியாற்றினார். உலகெங்கும் சுற்றிப் பயிர் விதைகளைச் சேகரித்து லெனின்கிராடில் மாபெரும் விதைக் களஞ்சியத்தை அமைத்தவர் வவிலோவ். கதிர்வீச்சாலும் வேதிப்பொருளாலும் பயிரில் மாற்றம் உண்டாக்கும் ஆய்வில் சோவியத் அறிவியலாளர்கள் அந்நாளில் முன்வரிசையில் நின்றார்கள். அப்போதுதான் லைசென்கோ எழுந்தார். மரபணு என்பதே முதலாளித்துவக் கற்பனை, சூழலைப் பயிற்றுவித்தே பயிரின் மரபை மாற்றலாம் என்றார். விரைவான விளைச்சலை வாக்களித்தார். அரசின் ஆதரவைப் பெற்றார். 1936இல் அவரைப் பொது அரங்கில் எதிர்த்துப் பேசிய முல்லர் மறு ஆண்டு நாட்டை விட்டு வெளியேறினார். வவிலோவ் 1940இல் கைது செய்யப்பட்டு, 1943இல் சரத்தோவ் சிறையில் இறந்தார். அவரது களஞ்சியத்தைக் காத்த ஊழியர்களில் பலர் லெனின்கிராடு முற்றுகையின்போது பட்டினியால் மடிந்தார்கள். நெல் பிரிவின் பொறுப்பாளர் திமித்ரி இவனோவ், நெல் மூட்டைகளுக்கு நடுவில் ஒரு மணியையும் தொடாமல் இறந்தார். 1948 ஆகஸ்டில் வேளாண் அறிவியல் கழகத்தின் அமர்வு மரபணுவியலையே தள்ளிவைத்தது. அந்த அமர்வில் எழுந்து மரபணுவுக்காக வாதாடியவர்களில் ஒருவர் ஜோசப் ரப்போபோர்ட்: போரில் ஒரு கண்ணை இழந்தவர், கட்சி உறுப்பினர், வேதிப்பொருட்களால் சடுதி மாற்றம் உண்டாக்குவதில் முன்னோடி. தம் கருத்தைக் கைவிட மறுத்ததால் 1949இல் கட்சியிலிருந்து நீக்கப்பட்டார். பின்னர் அவருடைய வேதிமுறையைக் கொண்டு சோவியத் நாட்டில் பல பயிர் ரகங்கள் உருவாயின. 1984இல் அவருக்கு லெனின் பரிசு வழங்கப்பட்டது.

இதை நம் வகுப்புகளில் சொல்லத் தயங்குவோர் உண்டு. எதிரிக்கு வாய்ப்புக் கொடுப்பதாகும் என்பார்கள். எதிரிக்கு இது முன்பே தெரியும், தோழர்களே. தெரியாமல் இருப்பவர்கள் நம் இளைஞர்கள்தாம். ஒரு செடியில் எது நிகழ்கிறது என்பதைத் தீர்மானத்தால் முடிவு செய்ய முடியாது. அச்செடியால் வரும் பயன் யாரைச் சேர வேண்டும் என்பதைத்தான் அரசியல் முடிவு செய்ய முடியும், செய்யவும் வேண்டும்.

இந்தியாவுக்கு வருவோம். பசுமைப் புரட்சி என்றதும் ஐ.ஆர். 8 நினைவுக்கு வரும். போர்டு, ராக்பெல்லர் அறக்கட்டளைகள் பிலிப்பைன்சில் அமைத்த நெல் ஆய்வு நிலையம் 1966இல் வெளியிட்ட ரகம் அது. உரம் இட்டாலும் சாயாத அதன் குட்டைத் தாள், இயற்கையில் நேர்ந்த மாற்றம் ஒன்றைக் கொண்டிருந்த தைவான் நெல்லிலிருந்து வந்தது. ஆனால் அதே ஆண்டு ஜப்பானில், உள்ளூர் நெல்லின் மீது காமாக் கதிர் பாய்ச்சி ரெய்மெய் என்ற குட்டை ரகத்தை வெளியிட்டிருந்தார்கள். ஒடிசாவில் டி 141 என்ற உயரமான நெல்லில் எக்ஸ் கதிர் பாய்ச்சிப் பெற்ற குட்டை நெல் 'ஜெகன்னாத்' 1969இல் வெளிவந்தது. 1976இல் கலிபோர்னியாவில் கால்ரோஸ் 76 வந்தது. பின்னாளில் மூலக்கூறு ஆய்வு, ரெய்மெயிலும் கால்ரோஸ் 76இலும் மாறியிருந்தது தைவான் நெல்லில் இயற்கை மாற்றியிருந்த அதே மரபணுவே என்று காட்டியது. இதைச் சற்று நின்று எண்ணிப் பார்க்க வேண்டும். கதிர்வீச்சு அந்நியப் பொருள் எதையும் உள்ளே நுழைப்பதில்லை. இயற்கை எங்கே கைவைக்கிறதோ அங்கேதான் அதுவும் கைவைக்கிறது. இன்னொன்று: குட்டை நெல் வேண்டுமென்றால் அயல்நாட்டு நிலையத்தை மட்டுமே நம்பியிருக்க வேண்டிய கட்டாயம் நமக்கு இருக்கவில்லை.

கோதுமையிலும் இது நடந்தது. மெக்சிகோவிலிருந்து வந்த சொனோரா 64 நல்ல விளைச்சல் தந்தது. ஆனால் மணி செந்நிறம். சப்பாத்திக்கு அந்த நிறம் ஏற்கவில்லை. தில்லியிலுள்ள இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தில் சுவாமிநாதன் குழுவினர் கதிர்வீச்சால் அதன் மணியைப் பொன்னிறமாக்கி, 1967இல் 'சர்பதி சொனோரா' என வெளியிட்டார்கள். அதில் லைசின் என்ற சத்தும் கூடுதலாக இருக்கிறது என்று சொல்லப்பட்டது. அக்கூற்று பின்வந்த சோதனைகளில் நிலைக்கவில்லை, 1970களில் பெரும் சர்ச்சையாயிற்று. நிறம் உண்மை, சத்து மிகை. விளம்பரத்துக்கு விரையும் பழக்கம் லைசென்கோவுக்கு மட்டும் சொந்தமன்று.

உலகம் முழுவதும் இம்முறையில் உருவாகிப் பன்னாட்டு அணுசக்தி முகமையின் பதிவேட்டில் இடம்பெற்ற ரகங்கள் 3,400க்கும் மேல். எழுபதுக்கும் மேற்பட்ட நாடுகளின் பணி அது. சீனம் முன்னணியில் இருக்கிறது. வியட்நாம் ஐ.ஆர். 64 நெல்லிலிருந்து பெற்ற வி.என்.டி. 95-20 மேகாங் வடிநிலத்தின் உவர் நிலங்களில் பரவி, ஏற்றுமதி நெல்லாகவே ஆயிற்று.

இவை எல்லாவற்றையும் விட நமக்கு நெருக்கமான பாடம் சத்தீஸ்கரில் இருக்கிறது. கட்டாக் மத்திய நெல் ஆராய்ச்சி நிலையத்தின் இயக்குநராக இருந்த ரிச்சாரியா, அயல் ரகங்களை அவசரமாக இறக்குவதை எதிர்த்ததால் 1960களில் பதவியிலிருந்து அகற்றப்பட்டார். பின்னர் ராய்ப்பூரில் இருந்துகொண்டு, ஆதிவாசி உழவர்களிடமிருந்து 19,000க்கும் மேற்பட்ட நெல் மாதிரிகளைச் சேகரித்தார். அச்சேகரம் ராய்ப்பூர் வேளாண் பல்கலைக்கழகத்தின் பொறுப்புக்கு வந்தது. 2002இல் அப்பல்கலைக்கழகம் சின்ஜெண்டா என்ற பன்னாட்டு விதை நிறுவனத்துடன் கூட்டுக்கு முனைந்தது. செய்தி வெளியானதும் உழவர் அமைப்புகளும் அறிவியலாளர்களும் கிளர்ந்தெழுந்தார்கள், ஒப்பந்தம் கைவிடப்பட்டது. பின்னர் அதே பல்கலைக்கழகம் பாபா அணு ஆய்வு மையத்துடன் சேர்ந்தது. துப்ராஜ் என்ற மணமுள்ள நாட்டு நெல் உயரமானது, சாய்வது, வயது நீண்டது. உழவர்கள் அதைக் கைவிட்டு வந்தார்கள். அதன் மீது காமாக் கதிர் பாய்ச்சி, மணத்தை இழக்காமல் உயரத்தையும் வயதையும் குறைத்த ரகம் 2019இல் வந்தது. சப்ரி என்ற மற்றொரு நாட்டு நெல்லிலிருந்து 'விக்ரம்' வந்தது. ஒட்டுச் சேர்த்தால் பாதி மரபு அயல் பெற்றோருடையதாகிவிடும். கதிர்வீச்சில் நாட்டு நெல் பெரும்பாலும் நாட்டு நெல்லாகவே இருக்கும், குறை ஒன்று மட்டும் களையப்படும். அதே பல்கலைக்கழகம், அதே உழவர்களின் செல்வம். 2002இல் மக்கள் குரல் எழாதிருந்தால் அந்தக் களஞ்சியத்தின் வாயில் தனியார் கைக்குத் திறந்திருக்கும்.

எனவே கதிர்வீச்சு விதை என்றாலே மக்கள் விதை என்று முடிவு செய்துவிடலாமா? கூடாது. 2021இல் அதே தில்லி நிறுவனம் பூசா பாஸ்மதி 1979, பூசா பாஸ்மதி 1985 என்ற இரு ரகங்களை வெளியிட்டது. இவற்றின் சிறப்பு, இமாசெத்தாபைர் என்ற களைக்கொல்லியைத் தெளித்தாலும் நெல் சாகாது என்பது. அந்தப் பண்பு, நகினா 22 என்ற நெல்லில் வேதிப்பொருளால் உண்டாக்கிய சடுதி மாற்றத்திலிருந்து வந்தது. நடவு இல்லை, களையெடுப்பு இல்லை. தண்ணீர் மிச்சம், ஆள் மிச்சம் என்கிறார்கள். மிச்சமாகும் அந்த 'ஆள்' யார்? குனிந்து களை பறித்து அன்றாடக் கூலி பெறும் பெண். பயன் எங்கே போகிறது? பெரிய நில உடைமையாளனுக்கும் களைக்கொல்லி விற்பவனுக்கும். பொதுத்துறை என்ற பலகை மட்டும் போதாது. பொதுத்துறைக்குள் எந்தக் கேள்விக்கு விடை தேடப்படுகிறது என்பதையும் நாம் கேட்க வேண்டும். விவசாயத் தொழிலாளர் சங்கம் இதில் நம் விவசாயிகள் சங்கத்தை விடக் கூர்மையாகப் பேச வேண்டும் என்பது என் கருத்து.

மரபணுத் திருத்தம் பற்றிச் சுருக்கமாக. கதிர்வீச்சு இருட்டில் கல் எறிவது. திருத்தம் குறிபார்த்து எறிவது. பி.டி. பருத்தியில் போல வேற்றுயிரின் மரபணு இந்த இரு நெல் ரகங்களில் இல்லை. ஆயினும் ஒன்றிய அரசு 2022இலேயே இத்தகைய திருத்தங்களுக்கு மரபணு மாற்றுப் பயிருக்கான கடும் விதிகளிலிருந்து விலக்கு அளித்துவிட்டது. ஐரோப்பிய நீதிமன்றம் 2018இல் இதற்கு நேர்மாறாக, திருத்தப் பயிர்களும் அவ்விதிகளுக்கு உட்பட்டவை என்றது. வழக்கைத் தொடுத்தவர்களில் முதன்மையானவர்கள் பிரெஞ்சு சிறு விவசாயிகள் சங்கத்தினர். திருத்தக் கருவியின் காப்புரிமைகள் அயல்நாட்டு நிறுவனங்களிடமும் பல்கலைக்கழகங்களிடமும் உள்ளன. கோபால்ட் பெட்டிக்கு இப்படி உரிமைக் கட்டணம் கேட்பவர் எவரும் இல்லை.

நெல் தன் மகரந்தத்தால் தானே கருவுறும் பயிர். சடுதி மாற்றத்தால் பெற்ற ரகம் ஒருமுறை நிலைபெற்றுவிட்டால், உழவன் தன் விளைச்சலிலிருந்தே விதை எடுத்துக்கொள்ளலாம். ஆண்டுதோறும் வாங்கியாக வேண்டிய வீரிய ஒட்டு விதை போன்றதன்று அது. 2001ஆம் ஆண்டின் பயிர் ரகப் பாதுகாப்பு மற்றும் உழவர் உரிமைச் சட்டத்தின் 39ஆம் பிரிவு, விதையைச் சேமிக்கவும் மறுபடி விதைக்கவும் பகிரவும், வணிகப் பெயரிடாமல் விற்கவும் உழவருக்கு உரிமை தருகிறது. குஜராத்தில் பெப்சிகோ நிறுவனம் உருளைக்கிழங்கு பயிரிட்ட சிறு விவசாயிகள் மீது 2019இல் வழக்குத் தொடுத்தபோது அவர்களைக் காக்க முன்வந்தது இந்தப் பிரிவே. 2025 நவம்பரில் ஒன்றிய அரசு வெளியிட்ட விதை மசோதா வரைவை விவசாய சங்கங்கள் எதிர்த்ததை இந்தப் பின்னணியில் படியுங்கள்.

நம் ஊருக்குத் திரும்புகிறேன். 1956 நவம்பர் 1இல் கல்குளம், விளவங்கோடு, தோவாளை, அகஸ்தீஸ்வரம் வட்டங்கள் தமிழகத்தோடு இணைந்தன. நெய்யாற்றின்கரை இப்பக்கம் நின்றது. ஆய்வு நிலையங்களும் பிரிந்தன: திருப்பதிசாரம் அப்பக்கம், வெள்ளாயணி இப்பக்கம். நெல்லுக்கு அந்தக் கோடு தெரியாது. நாஞ்சில் நாட்டுக் கட்டிச்சம்பாவை ஐ.ஆர். 8 உடன் ஒட்டுச் சேர்த்துத் திருப்பதிசாரத்தில் டி.பி.எஸ். 1 உருவாக்கினார்கள். ஓணாட்டுக்கரையின் கொச்சுவித்து, கேரளத்தில் ஓணம் என்ற ரகத்துக்குத் தாயாயிற்று. இடைப்பட்ட நம் ஏலாக்களில் விளைந்த நெல்லை எவர் கணக்கெடுத்தார்கள்?

விதை வந்தால் வயல் திரும்பி வந்துவிடும் என்று நான் சொல்லவில்லை. நெல் போனதற்குக் காரணம் விதையன்று. விலை, நிலச் சந்தை, தண்ணீர். 2008ஆம் ஆண்டின் நெல்வயல் பாதுகாப்புச் சட்டத்தை இடது ஜனநாயக முன்னணி அரசு கொண்டுவந்ததும் அதனால்தான். அதை ஏலாவுக்கு ஏலா காப்பது தனி வேலை. ஆனால் எஞ்சிய வயலில் என்ன விதைப்பது என்ற கேள்வி வரும்போது, கிருஷி பவனில் கேட்பதற்கு நம்மிடம் பெயர் இருக்க வேண்டும், கைப்பிடி விதையாவது இருக்க வேண்டும். கதிர்வீச்சு இல்லாததை உண்டாக்காது, இருப்பதைத்தான் திருத்தும்.

ஆகவே கிளைகளுக்கு ஒரு வேலை. ஊரில் எழுபது வயது கடந்த உழவர்களிடமும் நடவுக்குச் சென்ற அம்மாமார்களிடமும் கேட்டு எழுதுங்கள்: நெல்லின் பெயர், தமிழிலும் மலையாளத்திலும், கன்னிப்பூவா கும்பப்பூவா, எத்தனை மாதப் பயிர், தாள் இடுப்பளவா மார்பளவா, மழையில் சாயுமா, வைக்கோல் மாடு தின்னுமா, அரிசி சிவப்பா வெள்ளையா, புழுங்கலுக்கா பச்சைக்கா. எவர் வீட்டிலாவது குதிருக்குள்ளோ பானைக்குள்ளோ விதை எஞ்சியிருந்தால் அரைப்படி வாங்கி, நன்கு உலர்த்தி, துணிப்பையில் பெயர் எழுதி வையுங்கள். அடுத்த வகுப்புக்கு வரும்போது அந்தப் பைகளையும் குறிப்புகளையும் கொண்டு வாருங்கள். வெள்ளாயணிக்கும் திருப்பதிசாரத்துக்கும் இரு மாநிலத் தோழர்களும் சேர்ந்தே எடுத்துச் செல்வோம்.